‘ஒளிந்து வாழ்ந்தால் போதாதா?’: எச்.ஜே., எச்.டி. வழக்கும் அது திறந்துவிட்ட கேள்விகளும்

2007 ஜனவரி 19 அன்று லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் கேமரூன் நாட்டுக்காரர் ஒருவர் போலிக் கடவுச்சீட்டுடன் பிடிபட்டார். மொன்ட்ரியாலுக்குப் போகிற வழியில் விமானம் மாற இறங்கியவர். கைதான பிறகுதான் புகலிடம் கேட்டார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2001 டிசம்பர் 17 அன்று, ஈரான்காரர் ஒருவர் பிரிட்டனில் புகலிடம் கேட்டுவிட்டு, மறுப்பும் மேல்முறையீடுமாக அலைந்துகொண்டிருந்தார். இருவரும் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள். பெயர்களை மறைத்து எச்.டி. (கேமரூன்), எச்.ஜே. (ஈரான்) என்று எழுத்துகளால் மட்டும் நீதிமன்றம் அவர்களைக் குறித்தது. இரண்டு வழக்குகளையும் சேர்த்து விசாரித்து 2010 ஜூலை 7 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான், பாலீர்ப்பு காரணமாகப் புகலிடம் கேட்கும் வழக்குகளுக்கு அந்த நாட்டில் அளவுகோல் ஆனது.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அந்த அளவுகோல் விண்ணப்பதாரரிடம் என்ன கேட்கிறது, எந்த இடத்தில் கேஸ் உடைகிறது என்பதுதான் இங்கே நமக்கு முக்கியம்.

நடந்தது என்ன

எச்.டி. தன் வீட்டுத் தோட்டத்தில் காதலனை முத்தமிட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். பிறகு ஒரு நாள் அவர் தேவாலயத்திலிருந்து வெளியே வந்தபோது கூட்டம் காத்திருந்தது. தடியால் அடித்தார்கள், கல்லால் எறிந்தார்கள், உடையைக் கிழித்துப் பிறப்புறுப்பைக் கத்தியால் வெட்ட முயன்றார்கள். தடுக்கப் போய்க் கையிலும் காயம். போலீஸ் வந்தது. ஏன் அடிக்கிறீர்கள் என்று கூட்டத்தைக் கேட்டது. காரணம் தெரிந்ததும் போலீஸ்காரர் ஒருவரே அவர் வாயில் குத்தினார். நினைவு தப்பும்வரை உதைத்தார்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேவாலயத்தைச் சேர்ந்த ஒருவர்தான் பயண ஏற்பாடு செய்து அவரை நாட்டைவிட்டு அனுப்பினார்.

எச்.ஜே.யின் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் இல்லை. ஈரானில் தன் உறவுகளை மறைத்தே வைத்திருந்தார்; மறைத்ததாலேயே தப்பினார். பின்னால் வழக்கு முழுவதும் சுற்றிச் சுற்றி வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். ஈரானில் ஆண்களுக்கிடையிலான உடலுறவுக்கு மரண தண்டனை வரை உண்டு. கேமரூனின் குற்றவியல் சட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, கூடவே 20,000 முதல் 2,00,000 சி.எஃப்.ஏ. ஃபிராங்க் அபராதம்.

இருவரும் தன்பால் ஈர்ப்பாளர்கள் என்பதைக் குடிவரவு மேல்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. எச்.டி. தாக்கப்பட்டார் என்பதும் ஏற்கப்பட்டது. அப்படியும் இருவரும் தோற்றார்கள். எச்.டி. கேமரூனிலேயே தன்னைத் தெரியாத வேறு ஊருக்குப் போய் அடக்கமாக வாழலாம், எச்.ஜே. முன்பு வாழ்ந்த மாதிரியே இனியும் மறைத்து வாழலாம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

‘சகித்துக்கொள்ளக் கூடியதா?’

1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தின்படி, இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவில் உறுப்பினராக இருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று தகுந்த ஆதாரத்தோடு அஞ்சுகிறவர் அகதி. பாலீர்ப்பு என்ற சொல்லே ஒப்பந்தத்தில் கிடையாது. அது நுழைந்தது ஐந்தாவது வாசல் வழியாக. கனடாவில் 1993இல் வந்த வார்ட் தீர்ப்பு, பிறவியிலேயே அமைந்த, மாற்ற முடியாத தன்மையால் அடையாளப்படும் குழுக்களைப் பற்றிப் பேசியபோது பாலீர்ப்பையும் உதாரணமாகச் சொன்னது. பிரிட்டனில் 1999இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, ஷா, இஸ்லாம் என்ற இரண்டு பாகிஸ்தானியப் பெண்களின் வழக்கில் ‘சமூகக் குழு’ என்பதை விரிவாகப் பொருள்கொண்டது. ஆகவே 2000களில் ‘தன்பால் ஈர்ப்பாளர் ஒரு சமூகக் குழுவா?’ என்பதில் பெரிய சண்டை இல்லை. சண்டை வேறு இடத்தில் நடந்தது: மறைத்து வாழ்ந்தால் ஆபத்தே வராதே, பிறகு அச்சம் எங்கிருந்து வருகிறது?

இதற்குப் பிரிட்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் ஒரு சோதனை வகுத்தது. மறைத்து வாழ்வது அந்த மனிதருக்கு ‘நியாயமாகச் சகித்துக்கொள்ளக் கூடியதாக’ இருக்குமா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை உருவானதே எச்.ஜே.யின் வழக்கில்தான். அன்று அவர் ஜெயித்தார்; கோப்பு தீர்ப்பாயத்துக்குத் திரும்பியது. தீர்ப்பாயமோ அதே சோதனையைப் பிடித்துக்கொண்டு, ‘இவரால் சகித்துக்கொள்ள முடியும்’ என்று முடிவு கட்டியது. 2009 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே ஆமோதித்தது. தான் ஜெயித்து வாங்கிய சோதனையிலேயே அவர் தோற்றார்.

ஆஸ்திரேலியா இந்தக் குழியிலிருந்து முன்பே வெளியே வந்திருந்தது. 2003 டிசம்பரில் வங்கதேசத்தைச் சேர்ந்த இரண்டு ஆண்களின் வழக்கில் (எஸ்395 என்பது அதன் எண்) ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அந்நாட்டில் அதுவே உச்சபட்ச நீதிமன்றம்) 4–3 என்ற பெரும்பான்மையில் சொன்னதன் சாரம் இது: ஒருவர் அடக்கமாக வாழ்ந்தார் என்று கண்டுபிடிப்பதோடு வேலை முடியாது, அந்த அடக்கமே அச்சத்தின் விளைவா என்று கேட்டாக வேண்டும்.

நான்கு கேள்விகள்

பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் ஹோப், ரோட்ஜர், வாக்கர், காலின்ஸ், டைசன் ஆகிய ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ‘சகிப்பு’ச் சோதனையைத் தூக்கி எறிந்தார்கள். நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் பெயர் தீர்ப்பில் வருகிறது. மாடியறையில் ஒளிந்திருந்தவரை நாஜிகள் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதற்காக அவருக்கு அச்சத்துக்கு இடமில்லை என்று சொன்னால் எவ்வளவு அபத்தமோ, அவ்வளவு அபத்தம் பழைய சோதனை.

அதன் இடத்தில் ரோட்ஜர் பிரபு நான்கு கேள்விகளை வரிசைப்படுத்தினார். இன்றும் பிரிட்டனில் இத்தகைய கேஸ்களின் மறுப்புக் கடிதங்களையும் தீர்ப்புகளையும் எடுத்துப் பார்த்தால் இந்த வரிசை கண்ணில் படும்.

முதலாவது: இவர் தன்பால் ஈர்ப்பாளரா, அல்லது துன்புறுத்தக் கூடியவர்கள் இவரை அப்படிக் கருதுவார்களா? இரண்டாவது: இவருடைய நாட்டில் வெளிப்படையாக வாழும் தன்பால் ஈர்ப்பாளர்களுக்குத் துன்புறுத்தல் நேருமா? மூன்றாவது: திருப்பி அனுப்பினால் இவர் எப்படி வாழ்வார்? வெளிப்படையாக வாழ்வார் என்றால் அங்கேயே முடிந்தது. ஒளிந்தால் தப்பலாமே என்ற பேச்சுக்கு இடமில்லை, அவர் அகதி. ஒளிந்துதான் வாழ்வார் என்றால் நான்காவது கேள்வி வருகிறது: ஏன்?

அதற்குப் பதில் வெறும் சமூக நெருக்கடி (பெற்றோர் மனம் நோகும், நண்பர்கள் சங்கடப்படுவார்கள்) என்றால் கோரிக்கை விழும். துன்புறுத்தல் பற்றிய அச்சம் ஒரு முக்கியக் காரணமாக இருந்தால் கோரிக்கை நிற்கும். ‘ஒரு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அச்சம்தான் ஒரே காரணம் என்று காட்டத் தேவையில்லை.

அதே தீர்ப்பில் ரோட்ஜர் பிரபு ஓர் உதாரணமும் சொன்னார். மற்ற ஆண்கள் ரக்பி ஆடி, பீர் குடித்து, பெண்களைப் பற்றிப் பேசித் திரிவது போல, தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் பாப் பாடகி கைலி மினோக்கின் கச்சேரிக்குப் போய், வண்ண வண்ண காக்டெயில் குடித்து, ஆண்களைப் பற்றிப் பேசவும் சுதந்திரம் வேண்டும் என்றார். அற்பமான, வார்ப்புருவான (எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கிற) உதாரணம்தான் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிக்கொண்டார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து அந்த வாக்கியம் கேலிக்கும் சண்டைக்கும் பயன்பட்டுவருகிறது. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் விண்ணப்பதாரர்களைக் கவிழ்த்ததும் இதே மாதிரி வார்ப்புருதான். ‘இங்கே வந்து இத்தனை வருடமாகிறது, ஒரு கே கிளப்பின் பெயர்கூடத் தெரியாதா?’ என்று கேட்கப்பட்டவர்கள் உண்டு.

நான்காவது கேள்வி: ஒரு வாக்கியத்தில் கவிழும் கேஸ்

நடைமுறையில் மிகுந்த கவனம் தேவைப்படுவது இங்கேதான். நேர்காணலில் அதிகாரி கேட்பார்: “ஊரில் இருந்தபோது யாரிடமும் ஏன் சொல்லவில்லை?” வருகிறவர் யோசிக்காமல் சொல்வார்: “அம்மா தாங்க மாட்டார்.” பொய்யே இல்லை, முழு உண்மை. ஆனால் பதிவுத் தாளில் அந்த ஒரு வரிதான் ஏறும். மறுப்புக் கடிதத்தில் அது, ‘குடும்பத்தின் பொருட்டுத் தாமாகவே அடக்கமாக வாழ்ந்தவர், இனியும் அப்படியே வாழ்வார்’ என்று திரும்பி வரும்.

யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, உண்மையைப் பாதியில் நிறுத்தாமல் இருந்தால் போதும். அம்மா தாங்க மாட்டார் என்றால், தாங்காமல் போனால் என்ன ஆகும்? அண்ணனிடம் சொல்வாரா? அண்ணன் என்ன செய்வார்? தெருவில் இதே காரணத்துக்காக அடிபட்ட இன்னொருவரைப் பார்த்ததுண்டா? போலீஸுக்குப் போயிருக்க முடியுமா, ஏன் முடியாது? இந்தச் சங்கிலியைக் கடைசிவரை சொன்னால்தான் குடும்பத்தின் மேலுள்ள பாசமும் உயிர்ப்பயமும் ஒரே மனதில் சேர்ந்திருப்பது அதிகாரிக்குப் புரியும். எழுத்து வாக்குமூலத்தில் இதற்கென்று தனியே ஒரு பத்தி இருக்க வேண்டும். ‘திரும்பிப் போனால் எப்படி வாழ விரும்புவீர்கள்? அப்படி வாழ முடியாமல் எது தடுக்கும்?’ இந்த இரண்டு கேள்விகளையும் நேர்காணலுக்கு முன்பே வழக்கறிஞர் கேட்டிருக்கவில்லை என்றால் தயாரிப்பு அரைகுறை.

பெண்களுக்கு இந்தக் கேள்வி வேறு உருவில் வரும். 2011இல் எஸ்.டபிள்யூ. என்று குறிக்கப்பட்ட ஜமைக்காப் பெண்ணின் வழக்கில் பிரிட்டன் மேல் தீர்ப்பாயம் இதைச் சரியாகப் பிடித்தது. துணைவனும் குழந்தையும் இல்லாமல் தனியாக வாழும் பெண், உண்மையில் எப்படிப்பட்டவரானாலும், தன்பால் ஈர்ப்பாளர் என்று சந்தேகிக்கப்படக் கூடும். தப்ப வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாது. ஆண் துணை இருப்பதாக ஒரு முழுப் பொய் வாழ்க்கையையே ஊருக்குக் கட்டிக் காட்ட வேண்டும். முதல் கேள்வியில் ‘அப்படிக் கருதுவார்களா’ என்ற பகுதி இருப்பது இவர்களுக்கு உதவுகிறது.

முதல் கேள்வி: நிரூபிப்பது எப்படி, நிரூபிக்கக் கூடாதது எது

‘ஒளிந்து வாழ்’ என்று சொல்லும் வழி அடைபட்டதும் மறுப்புகள் முதல் கேள்விக்கு இடம் பெயர்ந்தன: ‘நீங்கள் அப்படிப்பட்டவர் என்றே நாங்கள் நம்பவில்லை.’ எச்.ஜே., எச்.டி. இருவருக்கும் இந்தத் தலைவலி இருக்கவில்லை. அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கு இதுவே முழுப் போர்.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பர் 2 அன்று நெதர்லாந்திலிருந்து வந்த மூன்று வழக்குகளில் எல்லைக் கோடு போட்டது. வார்ப்புருக்களை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. படுக்கையறை விவரங்களைத் துருவக் கூடாது. உடல் பரிசோதனையையோ அந்தரங்க வீடியோவையோ, விண்ணப்பதாரரே முன்வந்து கொடுத்தாலும், சாட்சியமாக ஏற்கக் கூடாது. முதல் வாய்ப்பிலேயே சொல்லவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பொய்யர் என்று முடிவு கட்டக் கூடாது. 2018 ஜனவரியில் இன்னொரு படி மேலே போனது. ஹங்கேரியில் ஒரு நைஜீரியரை, மழையில் நிற்கும் மனிதரை வரையச் சொல்லியும் ரோர்ஷாக் மைக்கறைப் படங்களைக் காட்டியும் சோதித்து, பாலீர்ப்பு உறுதியாகவில்லை என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். அத்தகைய உளவியல் சோதனைகளும் செல்லாது என்றது நீதிமன்றம்.

ஆகவே வீடியோ கொடுப்பது வீண் வேலை, தன்மானக் கேடும்கூட. வேலைக்கு ஆகிற சாட்சியம் வேறு வகை.

முதுகெலும்பு மாதிரி நிற்பது விண்ணப்பதாரரின் சொந்த விவரிப்புதான். அதை வெளிக்கொண்டுவர எஸ். செல்வன் என்ற பிரிட்டன் பாரிஸ்டர் 2011இல் ஒரு முறையை முன்வைத்தார்: வேறுபாடு, களங்கம், வெட்கம், தீங்கு. மற்றவர்களிலிருந்து வேறானவன் என்று எப்போது உணர்ந்தீர்கள்? அது இழிவாகப் பார்க்கப்படுகிறது என்று எப்படித் தெரிந்தது? அதனால் உள்ளுக்குள் என்ன ஆனது? என்ன தீங்குக்கு அஞ்சினீர்கள்? உடலுறவைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லாமல் ஒரு வாழ்க்கையை விசாரிக்க முடியும் என்று காட்டியது இதன் பலம். பலவீனமும் உண்டு. சிலருக்கு வெட்கமே இருந்ததில்லை. பதினாறு வயதில் காதல் வந்தது, சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான் என்பார்கள். நான்கு கட்டங்களையும் டிக் அடித்துப் பார்க்கிற அதிகாரிக்கு இவர்களிடம் ஏதோ குறைவது போலத் தோன்றும். அப்படிப்பட்டவர் இல்லாத வெட்கத்தை வரவழைத்துச் சொல்ல வேண்டாம். ‘எனக்கு வெட்கம் இருக்கவில்லை, பயம் இருந்தது’ என்பது முழுமையான பதில்.

விவரிப்பில் எடை கூட்டுவது சின்னச் சின்ன விவரம். ‘பள்ளியில் படிக்கும்போது உணர்ந்தேன்’ என்பது யார் வேண்டுமானாலும் சொல்லக் கூடியது. எந்த வகுப்பு, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார், அவர் பள்ளி மாறிப் போன நாளில் வீட்டுக்கு வந்து என்ன செய்தீர்கள் என்பது மனப்பாடத்தில் வராது. நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்ல வேண்டும். இட்டுக் கட்டிய தேதி ஒன்று மற்ற பத்து உண்மைகளையும் சந்தேகத்துக்குள் இழுத்துவிடும்.

தேதி என்றதும் ஒரு பொறி நினைவுக்கு வருகிறது. ஈரானியர்களின் நாட்காட்டியில் 1380ஆம் ஆண்டு 2001 மார்ச் 21 அன்று பிறந்தது. ‘1380 குளிர்காலத்தில்’ என்று ஒருவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் 2001 என்று மாற்றிவிட்டால் சம்பவம் ஓராண்டு பின்னுக்குப் போய்விடும். அந்தக் குளிர்காலத்தின் பெரும்பகுதி 2002இல் வருகிறது. பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டில் 2002 என்றிருக்கும். ‘முரண்பாடு’ என்று கடிதத்தில் வரும். தங்கள் நாட்காட்டித் தேதியையும் ஆங்கிலத் தேதியையும் சேர்த்தே வாக்குமூலத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மொழிபெயர்ப்பு இன்னொரு கண்ணி. பல மொழிகளில் காதலனையும் தோழனையும் ஒரே சொல்லால்தான் சொல்வார்கள், அல்லது காதலன் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்கள். தமிழிலேயே ‘சிநேகிதன்’ என்றால் எது என்பது சொல்கிறவர் குரலில்தான் இருக்கிறது. முதல் நேர்காணலில் ‘நண்பர்’ என்று பதிவாகி, இரண்டாவதில் ‘துணைவர்’ என்று வந்தால் கதையை மாற்றினார் என்பார்கள். வசைச் சொல்லை அப்படியே பயன்படுத்தும் மொழிபெயர்ப்பாளரும் உண்டு. அதைக் கேட்டதும் விண்ணப்பதாரர் சுருங்கிப்போய் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார். சரியில்லை என்றால் அந்த நிமிடமே நிறுத்திச் சொல்ல வேண்டும். முடிவில் ‘எல்லாக் கேள்வியும் புரிந்ததா?’ என்பதற்கு மரியாதைக்காக ‘ஆம்’ சொன்னால், பின்னால் மொழிபெயர்ப்பைக் குறை சொல்வது கடினம்.

வெளிச் சாட்சியங்களில் கனமானது நேரில் வந்து பேசும் மனிதர். துணைவரோ முன்னாள் துணைவரோ தீர்ப்பாயத்தில் வந்து குறுக்கு விசாரணைக்கு நின்றால், பத்துக் கடிதங்களுக்குச் சமம். கடிதம்தான் என்றால், எழுதியவர் யார், எப்போது எங்கே பழக்கம், தான் கண்ணால் கண்டது என்ன என்பதோடு அடையாளச் சான்றின் நகலும் வேண்டும். ஆதரவு அமைப்புகள் அச்சுப் போட்டது போல எல்லோருக்கும் கொடுக்கும் ‘எங்கள் உறுப்பினர்’ கடிதத்துக்கு எடை குறைவு. பெருமைப் பேரணியில் (பிரைடு) எடுத்த புகைப்படங்களும் தனித்து நின்றால் அப்படியே. குறுஞ்செய்திகளைத் துண்டு துண்டாகத் திரைப்பிடிப்பு எடுக்காமல், எண்ணும் தேதியும் தெரிய முழு உரையாடலையும் இறக்கி, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு கொடுப்பது நல்லது.

தழும்பு இருந்தால், சித்திரவதைக் காயங்களைப் பதிவுசெய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி மருத்துவ அறிக்கை. அதில் மருத்துவர் பயன்படுத்தும் சொற்கள் படிவரிசை கொண்டவை: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அந்த வகைக் காயத்துக்கே உரிய தோற்றம், வேறு காரணமே இருக்க முடியாது. ‘பொருந்துகிறது’ என்றால் வேறு பல காரணங்களாலும் அந்தத் தழும்பு வந்திருக்கலாம் என்று பொருள். படிவரிசை தெரியாமல் அந்தச் சொல்லைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். எச்.டி.யினுடையதைப் போலக் கத்திக் காயமென்றால், ஒவ்வொரு தழும்புக்கும் தனித்தனியாகப் படி குறிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

திருமணமானவர், குழந்தை பெற்றவர் என்பது எதிர்ச் சாட்சியம் ஆகாது. எப்படி அந்தத் திருமணம் நடந்தது என்பதை மறைத்தால்தான் ஆகும்.

இரண்டாவது கேள்வி: சட்டம் இருந்தால் போதுமா?

போதாது. 2013 நவம்பர் 7 அன்று சியரா லியோன், உகாண்டா, செனகல் நாட்டவர் மூவரின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதைச் சொன்னது: குற்றம் என்று சட்டப் புத்தகத்தில் இருப்பது மட்டும் துன்புறுத்தல் ஆகாது, அந்தச் சிறைத் தண்டனை உண்மையிலேயே கொடுக்கப்படுகிறது என்றால் ஆகும்.

இதன் கூர்மை இலங்கை வழக்கொன்றில் தெரியும். எல்.எச்., ஐ.பி. என்ற இருவர் தொடர்பாக 2015இல் பிரிட்டன் மேல் தீர்ப்பாயம், அந்த நாட்டிலிருந்து வரும் மற்ற வழக்குகளுக்கும் வழிகாட்டும் தீர்ப்பு (வழிகாட்டுத் தீர்ப்பு) ஒன்றைக் கொடுத்தது. தன்பால் உறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகளை வைத்துப் பார்த்தால் தன்பால் ஈர்ப்பாளர் ஒரு சமூகக் குழுவே என்று ஏற்றது. ஆனால் அங்கே தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் நடத்தப்படும் விதம் பொதுவாகத் துன்புறுத்தல் என்ற அளவை எட்டவில்லை என்றும் சொல்லிவிட்டது. கிராமப்புறங்களில் குடும்பத்தின் பிடியில் உள்ள, தன்பால் அல்லது இருபால் ஈர்ப்புள்ள பெண்களுக்கும், நகரங்களில் திருநர்களுக்கும் பாலியல் தொழிலாளர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று ஒப்புக்கொண்டாலும், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்றது. சொந்த ஊரில் ஆபத்து இருந்தாலும் வேறு இடம் பெயர வாய்ப்பு உண்டா என்ற கேள்வியையும் திறந்து வைத்தது.

இப்படி ஒரு வழிகாட்டுத் தீர்ப்பு எதிராக நிற்கும் நாட்டிலிருந்து வருகிறவர், ‘எங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறது’ என்று செய்தித் துணுக்குகளை அடுக்கினால் கேஸ் நகராது. தனக்கென்று என்ன தனி ஆபத்து என்பதைக் காட்ட வேண்டும்: குடும்பத்தின் செல்வாக்கு, தேடி வரக் கூடியவர் யார், எந்த ஊருக்குப் போனாலும் எப்படிக் கண்டுபிடிப்பார்கள், போலீஸிடம் போனபோது என்ன நடந்தது. தீர்ப்புக்குப் பின் நாட்டு நிலை மோசமாகியிருக்கிறது என்றால் அதற்கு வலுவான புதிய ஆதாரம் வேண்டும்.

கோப்பு நகரும் பாதை

புகலிடத்துக்கென்று விசா கிடையாது. பிரிட்டன் மண்ணில் கால் வைத்த பிறகுதான் கேட்க முடியும். முதலில் ஸ்கிரீனிங் நேர்காணல். கைரேகை, பயண வழி, பிறகு ஏன் வந்தீர்கள் என்று சுருக்கமாக ஒரு கேள்வி. நீளமாகச் சொல்லத் தேவையில்லை, ‘என் பாலீர்ப்பு காரணமாக ஊரில் உயிருக்கு ஆபத்து’ என்ற ஒரு வரி பதிவானால் போதும். பலர் அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பொதுவாக ‘பிரச்சினை’ என்று மழுப்பி, பின்னால் வருந்துகிறார்கள். விரிவான நேர்காணலுக்கு ஆண் அதிகாரி வேண்டுமா பெண் அதிகாரி வேண்டுமா, மொழிபெயர்ப்பாளர் எந்தப் பாலினத்தவராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். முடிந்ததும் எழுத்துப் பதிவையும் ஒலிப்பதிவையும் வாங்கி, தவறுகளை முடிவு வருவதற்கு முன்பே எழுத்தில் திருத்தி அனுப்ப வேண்டும். மறுப்பு வந்தால் நாட்டுக்குள் இருப்பவருக்கு முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 14 நாள். அதற்கடுத்து மேல் தீர்ப்பாயம், சட்டப் பிழை இருந்தால் மட்டும், அதுவும் அனுமதி பெற்று.

தாமதமும் போலி ஆவணமும் நம்பகத்தன்மையைக் குறைக்கும் என்று 2004ஆம் ஆண்டுப் புகலிட, குடிவரவுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. எச்.டி.யைப் போலக் கைதான பின் கேட்பவருக்கு இது நேரடியாகப் பாதகம். ஆனால் அது எடைபோட வேண்டிய பல காரணிகளில் ஒன்றுதான். ஏன் போலிச் சீட்டு, ஏன் வந்திறங்கியதுமே கேட்கவில்லை என்பதற்கு வாக்குமூலத்தில் நேர்மையான பதில் இருந்தால் அதன் பல் மழுங்கும்.

2022 ஜூன் 28 முதல் செய்யப்படும் கோரிக்கைகளுக்கு இன்னொரு கடினம் சேர்ந்திருக்கிறது. குடியுரிமை, எல்லைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு நிரூபண அளவை இரண்டாகப் பிரித்தது. பாலீர்ப்பையும், உண்மையிலேயே அஞ்சுகிறார் என்பதையும் ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதே அதிக சாத்தியம்’ என்ற அளவில் காட்ட வேண்டும். திரும்பினால் நேரக் கூடிய ஆபத்துக்கு மட்டும் பழைய, இளகிய அளவு. ஆக ரோட்ஜர் பிரபுவின் முதல் கேள்வி முன்பைவிடச் செங்குத்தாகியிருக்கிறது. பழைய தீர்ப்புகளை வாசித்துவிட்டு ‘கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் நமக்குச் சாதகம்’ என்று நம்பி வருகிறவர்கள் இங்கே இடறுகிறார்கள்.

வேறு நாடுகளில் பொறிகள் வேறு. அமெரிக்காவில் உள்ளே வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மிகச் சில விலக்குகளே உண்டு. பாலீர்ப்பைச் சொல்லத் தயங்கித் தயங்கியே அந்த ஓராண்டைத் தொலைப்பவர்கள் பலர்.

தோற்ற பிறகு

2010இல் உச்ச நீதிமன்றம் எச்.ஜே.க்கும் எச்.டி.க்கும் அகதி அந்தஸ்தைக் கையில் கொடுத்துவிடவில்லை. புதிய சோதனைப்படி மறுபடி பார்க்கச் சொல்லி இரண்டு கோப்புகளையும் தீர்ப்பாயத்துக்குத் திருப்பியது. எச்.ஜே. புகலிடம் கேட்டு அப்போது எட்டரை ஆண்டு ஆகியிருந்தது.

எல்லா மேல்முறையீடும் முடிந்து தோற்றவருக்கு மீதமிருப்பது மேலதிகச் சமர்ப்பிப்பு. குடிவரவு விதிகளின் 353ஆம் பத்திப்படி, புதிதாகக் கொடுப்பது முன்பு பரிசீலித்ததிலிருந்து கணிசமாக வேறுபட்டிருக்க வேண்டும். பழையதோடு சேர்த்துப் பார்த்தால் வெற்றிக்கு யதார்த்தமான வாய்ப்பும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் புதுக் கோரிக்கை என்று ஏற்று மறுபடி மேல்முறையீட்டு உரிமை தருவார்கள். முதல் தடவை அரசியல் காரணம் மட்டும் சொல்லிவிட்டு, வருடங்கள் கழித்துப் பாலீர்ப்பைச் சொல்ல வருகிறவர்களின் கோப்புகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். அவர்கள் சமர்ப்பிக்கும் ஆவணக் கட்டுக்குள் துணைவரின் வாக்குமூலமும் குறுஞ்செய்திகளும் இருக்கும். முன்பு ஏன் சொல்லவில்லை என்பதற்கான பக்கம்தான் பல கோப்புகளில் இருக்காது. அன்று அறையில் மொழிபெயர்த்தவர் யார், அவர் ஊர்க்காரரா, உடன் தங்கியிருந்த உறவினருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், முதல்முறையாக யாரிடம் எப்போது சொன்னார், அவர் அதற்குச் சாட்சி சொல்வாரா? அந்தப் பக்கத்தைத்தான் நீதிபதி முதலில் தேடுவார்.